ஆற்றங்கரை மண்ணும் ஒரு பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையும்

கொடிவேரி அணைக்கட்டுக்குக் கீழே, பவானிக் கரையில் நாட்டு மரங்களை நடுவதற்காக ஊரார் ஒதுக்கிய நிலத்தின் மண்ணைக் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்தோம். அங்கே தரும் அறிக்கையில் அளவீடுகளை நம்பலாம். உரப் பரிந்துரையை ஆற்றங்கரைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாதிரி எடுக்கும் முறையை அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, பல இடத்து மண்ணையும் கலந்து, கால் பங்கீட்டு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்கை நீக்கி, மீண்டும் கலந்து) அரை கிலோவாகக் குறைத்துத் தர வேண்டும். நீரோரம், மணல் மேடு, வயல்களின் கசிவுநீர் வந்து சேரும் பள்ளம் ஆகியவற்றின் மண்ணைக் கலக்காமல் கொடுத்தோம். தனித்தனி அறிக்கையே வந்தது. கார அமில நிலை, உப்பளவு, அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் எல்லாம் தெளிவாக இருந்தன. சாயக்கழிவால் உப்பேறிய நொய்யல் கரையில் நடுவோருக்கு அந்த உப்பளவு ஒன்றே பெரிதும் உதவும்.

குறை பரிந்துரைப் பக்கத்தில் இருக்கிறது. தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்கும், மணிச்சத்து 11 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு என்பது பயிருக்கு வகுத்த அளவுகோல். அதன்படி மணல் மேட்டுக்கு யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் இடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கோரையும் பொடுதலையும் நொச்சியும், புங்கன், நீர்மருது கன்றுகளும் கலந்து முளைத்திருப்பது அந்த மேட்டில்தான். சத்து மிகுந்ததாக அறிக்கை காட்டிய பள்ளத்தில் சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்து, வேறு எதற்கும் இடமில்லாமல் செய்துவிட்டன.

இது எங்கள் கரைக்கு மட்டும் உரிய நிலை அன்று. சத்து பெருகும்போது விரைந்து வளரும் சில இனங்கள் ஓங்கி ஒளியை மறைப்பதால், கீழே உள்ள சிறு செடிகள் நலிந்து மறைகின்றன; இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் புல்வெளியில் 1856-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வில், உரமே இடாத பாத்திகளில்தான் செடி வகைகள் மிகுதியாக உள்ளன. சத்து அறவே அற்ற மண்ணிலும் வகைகள் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளம் ஓரிடத்தில் வண்டலைப் படியவிட்டு, மற்றோரிடத்தில் அரித்துச் செல்வதால் உண்டாகும் ஏற்றத்தாழ்வே கரையின் செல்வம். ஒரே அளவாக உரமிட்டு அதை அழிப்பது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செயல்.

மற்றொரு போதாமையும் உண்டு. மணிச்சத்து பெரும்பாலும் மண் துகளோடு ஒட்டி அரிமானத்தில் வரும். தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டோ தண்ணீரில் கரைந்து கசிவோடு வரும். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து நெல், கரும்பு, மஞ்சள் வயல்களை ஒட்டிய கரையில் எது எவ்வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் தடுக்க முடியும். கூடத்தில் நைட்ரேட்டைத் தனியே அளப்பதில்லை. கிடைக்கும் தழைச்சத்தை மொத்தமாகவே தருகிறார்கள். இந்த வசதியைச் சேர்த்தால் கரையோரப் பணி செய்யும் பலரும் இங்கு வருவார்கள்.

இப்போதைக்கு, மாதிரிப் பையில் பயிரின் பெயர் எழுதும் இடத்தில் 'ஆற்றங்கரை, உரப் பரிந்துரை தேவையில்லை' என்று எழுதிக் கொடுப்பது நல்லது.