எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம்: ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சந்தா வாங்கி உறுப்பினர் வீட்டில் இறப்பு நேர்ந்தால் உதவும் எங்கள் மரண உதவிச் சங்கத்தில் 2016 முதல் உறுப்பினராக இருந்து, ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு முறையும் கடைசிவரை கேட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சேவையில் குறை சொல்ல இடமில்லை. 2022 ஜூலையில், டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் அப்பா காலமானபோது, சங்கத்தின் பெயர் எழுதிய நாற்காலிகளையும் கூடாரத்தையும் பொழுது விடிவதற்குள் பொடியன்கள் தோளில் சுமந்துவந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இறக்கினார்கள். பொருளாளர் அண்ணன் இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) அமர்ந்து, உதவித்தொகையை இரண்டு முறை எண்ணி அம்மாவிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கினார்.

ஆனால் அந்தத் தொகை சவப்பெட்டிக்கே போதவில்லை. யாருடைய கையும் சுத்தமில்லாமல் போனதால் வந்த வினையல்ல அது. தொகை பல ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்தது. சங்கத்தின் சேமநிதி முழுவதும் சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை என்பதால் நாங்களும் கூட்டத்தில் கைதட்டிவிட்டு வந்தோம். கையிருப்பை ரூபாவில் எண்ணினோமே தவிர, எத்தனை மரணங்களுக்குத் தாங்கும் என்று எண்ணவில்லை.

அடுத்து வந்த நிர்வாகக் குழு இதைத் திருத்தியது என்பதை மனநிறைவோடு பதிவுசெய்கிறேன். நிதியைப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும் நிலையான வைப்புகளில் இட்டார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று துக்கம் நேர்ந்தாலும் தவணைக்கு முன் வைப்பை உடைக்க வேண்டியதில்லை. வைப்பு வட்டியிலிருந்து 2023இல் 5 சதவீதமாகவும், 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதமாகவும் பிடிக்கப்படும் வரியைக் கணக்கில் தனிப் பதிவாகக் காட்டுகிறார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவான பின் சந்தாவையும் உதவித்தொகையையும் சேர்த்தே உயர்த்தினார்கள். இது முன்பே நடந்திருக்க வேண்டும்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்களின் சந்தா சம்பளத்திலேயே பிடிபடுகிறது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போதுதான் கட்டுகிறார்கள், சிலர் அப்போதும் கட்டுவதில்லை. அந்த நிலுவையை வரவோடு சேர்த்து வாசிப்பதால் கையிருப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கைக்கு வராத பணத்தில் பெட்டி வாங்க முடியாது. நிலுவையைத் தனியே எழுதும்படி வரும் கூட்டத்துக்கு நானே பிரேரணை கொடுத்திருக்கிறேன். அதற்குப் பொருளாளர் அண்ணனும் உடன்பட்டிருக்கிறார்.