திருகோணமலைக் கரையில் ஐஸ் ஆலைக் கூரைச் சோலார்: ஏழு வருடம் தாண்டிய பாவனையில் தெரிவது

100 கிலோவாட் சோலார் என்றால் 550 வாட் பனல் 182. கூரையில் ஏறத்தாழ 470 சதுர மீற்றர் இடம் வேண்டும். பனலின் நிறை மட்டும் 5 தொன். திருகோணமலை வெயிலுக்கு வருடச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று பிடித்தால் ஏமாற்றம் வராது, அதாவது 400 யூனிட். நம்முடைய சூட்டில் ஒரு தொன் கட்டி ஐஸ் உறைய 55 முதல் 70 யூனிட் போகும். நாளுக்கு 10 தொன் போடும் ஆலை 550 முதல் 700 வரை தின்னும். கூரை பாதிக்கு மேல் தரும், மீதி மின்சார சபையின் கம்பியிலிருந்துதான். 'பில் பூச்சியம்' என்று சொல்லி விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கரைக்கு ஒரு வசதி உண்டு. வாடையில் கடல் குழம்பும் நவம்பர் முதல் ஜனவரி வரை வெயிலும் குறைவு, ஐஸ் கேட்டு வருபவரும் குறைவு. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் கடலும் வெயிலும் சேர்ந்தே கைகொடுக்கும். கந்தளாய் அரிசி ஆலைகளுக்கும் பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வந்து சேர்வதால் ஏறத்தாழ இதே பொருத்தம். ஆனால் கச்சான் சூட்டையும் கொண்டுவரும். பனலின் வாட் 25 பாகையில் அளந்தது. செல் 65 பாகைக்கு ஏறினால், பாகைக்கு 0.35 வீதமாக 14 வீதம் கழிந்துவிடும். பனலுக்கும் கூரைத் தகட்டுக்கும் இடையே 10 சென்ரிமீற்றராவது காற்றோட விடுங்கள்.

பில் விடயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 42 கேவிஏக்கு (இணைப்பு இழுக்கும் மொத்த மின்சுமையின் அளவு) மேற்பட்ட கைத்தொழில் இணைப்பில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அந்த மாதத்தின் உச்சக் கேவிஏக்கு வேறொரு கட்டணம். உச்சம் 15 நிமிடக் கணக்கில் பதிவாகிறது. சோலார் யூனிட்டைக் குறைக்கும்; ஆனால் உச்சத்தையும் குறைக்கும் என்று நம்பக்கூடாது. பகலில் கரண்ட் இருக்கிறதே என்று இரண்டு கொம்பிரசரையும் ஒன்றாக ஓட்டுவார்கள். கால் மணி நேரம் ஒரு கருமுகில் நின்றால் இரண்டின் சுமையும் சபையின் மீற்றரில் விழும். அந்த ஒரு பதிவுக்கு மாதம் முழுக்கப் பணம் கட்டவேண்டும்.

உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, யூனிட் விலையும் அப்போதுதான் ஆகக்கூட. அந்த நேரத்தில் பனல் எதுவும் தராது. கொம்பிரசரை நான்கு மணி நேரமும் நிறுத்திவைத்தால், ஐஸ் அச்சுகள் மூழ்கியிருக்கும் உப்புநீர் விரைவாகச் சூடேறி, கட்டியின் நடு உறையாமல் நிற்கும். பலன் தரும் வழி, கட்டி இறக்கிப் புதுத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் காலை 8 மணிக்குக் கொண்டுவருவது. புதுத் தண்ணீரைப் பூச்சியப் பாகைக்கு இறக்கும் முதல் சில மணி நேரமே ஆகப் பாரமானது, அது வெயிலோடு போய்விடும். மாலை 6 மணிக்குள் உப்புநீரை மறை 10 பாகைக்கு இறக்கிவிட்டு ஒரு கொம்பிரசருக்கு ஓய்வு கொடுங்கள். மறை 7ஐத் தாண்டி ஏறவிடாதீர்கள்.

மோட்டர்களின் ரியாக்டிவ் சுமையை ஈடுசெய்யும் கப்பாசிற்றர் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். சோலார் வந்தபின் சபையிடமிருந்து எடுக்கும் கிலோவாட் குறையும், மோட்டர்கள் தம் காந்தப்புலத்துக்காக இழுக்கும் ரியாக்டிவ் அப்படியே இருக்கும். மிஞ்சும் சோலார் மின்சாரம் சபையின் கம்பிக்குப் போகும் நேரத்தில் பழைய கட்டுப்பாட்டுக் கருவி குழம்பி, கப்பாசிற்றரைத் தேவையில்லாமல் போட்டு எடுக்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்து நான்கு திசையும் அளக்கும் கருவியாக மாற்றினால் தீரும்.

ஐஸ் ஆலைக்கே உரிய எதிரி, குளிரூட்டப் பாவிக்கும் அமோனியா வாயு. செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். பனலின் நேர் மின்னோட்டத்தை ஆலைக்கேற்ற மாறு மின்னோட்டமாக்கும் இன்வேட்டரைக் கொம்பிரசர் அறையில் மாட்டுவதைப் போல மோசமான முடிவு வேறில்லை; கேபிள் முனைகள் நீலம் பாரித்து, இறுக்கம் விட்டு, சூடேறும். வெளியே, வடக்குச் சுவரில், நிழல் தகட்டுக்குக் கீழே மாட்டுங்கள். மேற்குச் சுவர் கச்சானை நேராக வாங்கும், சூடு மிஞ்சினால் இன்வேட்டர் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். பனல் வாங்கும்போது உப்புக்காற்றுச் சோதனை ஐஈசி 61701, அமோனியாச் சோதனை ஐஈசி 62716 இரண்டின் சான்றிதழையும் கேளுங்கள்.

போல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 304 எவர்சில்வர் கடற்கரையில் தேநீர் நிறக் கறை பிடிக்கும், 316 தாங்கும். அலுமினியத் தண்டவாளத்தோடு வெறும் இரும்பைச் சேர்த்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும். கால் ஆணி தகட்டின் மேட்டில் ஏறவேண்டும், பள்ளத்தில் ஏறினால் ஒழுக்கு நிச்சயம். ரப்பர் வாசர் சில வருடங்களில் வெயிலில் காய்ந்து வெடிக்கும், ஒழுகும்வரை காத்திராமல் மாற்றுங்கள்.

கழுவுவது காலை 7 மணிக்கு முன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. கச்சான் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை, மாரியில் மழையே போதும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் சவர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர் நல்லது. மீன் இறங்கும் இடத்துக் காகங்கள் எச்சத்தோடு முள்ளையும் போடும். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவிட்டுத் துடையுங்கள். சீனக்குடாப் பக்கம் சீமெந்துத் தூசி படியும் கூரைகளுக்கு இது இன்னும் முக்கியம், பனி ஈரத்தில் அது இறுகிவிடும்.

மழைக்கு அடுத்த காலையில் இன்வேட்டர் தாமதமாகத் தொடங்கி, காப்புத்தடை குறைவு (எங்கோ மின்கசிவு) என்று காட்டினால், பீலியில் கிடந்து தண்ணீரில் ஊறும் இணைப்பியையோ எலி கடித்த வயரையோ தேடுங்கள். இரு வேறு கொம்பனி இணைப்பிகளைக் கோர்த்த இடம் கருகும்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும், அது பாதுகாப்புக்கான அமைப்பு. 2022 மார்ச்சில் 13 மணி நேர வெட்டின்போது பல ஆலைகள் அப்போதுதான் இதைப் புரிந்துகொண்டன. ஜெனரேற்றரோடு சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் இடையில் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இல்லாவிட்டால் சோலார் சுமையைப் பறித்துக்கொள்ள, ஜெனரேற்றர் 30 வீதத்துக்குக் கீழே ஓடி, டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். 2025 சித்திரை விடுமுறையில், நாட்டின் மின்பாவனை குறைந்திருந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தச் சொல்லிச் சபையே கேட்டது. விற்கும் யூனிட்டை மட்டும் நம்பிக் கடன் எடுத்தவருக்கு இப்படியான நாட்கள் வலிக்கும்.

2016 கூரைச் சோலார் திட்டத்தின் பழைய ஒப்பந்தத்தில், சபைக்கு விற்கும் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா. 2017 இல் இணைந்தவருக்கு 2024 இலேயே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்வேட்டர் விசிறியும் தேய்ந்து சத்தம் போடத் தொடங்கும். விசிறி மலிவு, முழு இன்வேட்டர் மலிவல்ல. ஒரு சோடி விசிறியை முன்கூட்டியே வாங்கி, அமோனியா படாத அலுமாரியில் வையுங்கள்.