ஒரு எச்1-க்கு 45,000 ரூபாய்

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தணிந்துவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும். புதுச்சேரியில் ஒரு கேம் (CAM, இயந்திரத்தில் டூல் வெட்ட வேண்டிய பாதையைக் கணினியில் போடும் மென்பொருள்) பயிற்சி நிலையத்திடம் போஸ்ட் பிராசஸர் என்ற நிரலை எழுதக் கொடுத்து 45,000 ரூபாய் ஏமாந்தேன். அது போதாதென்று, இயந்திரத்தில் டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலும் போயிற்று. நிலையத்தின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். இந்த வேலையைக் கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சிறிய பட்டறை. இருப்பது ஒரே ஒரு மூன்று அச்சு விஎம்சி, அதாவது கணினி ஓட்டும் உலோகம் வெட்டும் இயந்திரம். அதை ஓட்டும் மூளை ஃபனுக் கன்ட்ரோலர், பழையதாக வாங்கியது. மென்பொருளோடு வந்த பொதுவான போஸ்ட் ஓடத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு புரோகிராமையும் நோட்பேடில் திறந்து கையால் திருத்த வேண்டும். அடுத்த டூலை முன்கூட்டியே அழைக்க ஒரு வரி, வேலை முடிந்ததும் டேபிளைக் கதவருகே கொண்டுவர ஒரு வரி, மேலே டூல் பட்டியல் என்று கால் மணி நேரம் போய்விடும். அதை மிச்சம் பிடிக்கத்தான் போனேன்.

தெரியாதவர்களுக்கு: கேமில் போட்ட டூல் பாதையை இயந்திரத்துக்குப் புரியும் ஜி-கோடாக மாற்றித் தருவதுதான் போஸ்ட் பிராசஸர். நம் ஊரில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்தைத் தமிழாக்கக் கொடுக்கிறோமே, அந்த வேலைதான். மொழிபெயர்ப்பவர் எல்லையைத் தவறாக எழுதிவிட்டால், நாம் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு நிற்போம்.

அந்த நிலையத்துக்காரர் நன்றாகப் பேசினார். தேநீர் வரவழைத்தார். என்னுடைய பாகத்தையே மடிக்கணினியில் திறந்து, ஆறு டூல்களும் வரிசையாக வந்து வெட்டுவதைத் திரையில் ஓட்டிக் காட்டினார். "சார், உங்கள் இயந்திரத்துக்கென்றே எழுதியது. இனி நோட்பேடைத் தொடவே வேண்டாம்" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அந்தச் சிமுலேஷன் கேமுக்குள் இருக்கும் பாதையை ஓட்டுகிறது. போஸ்ட் வெளியே தள்ளும் ஜி-கோடை அது பார்ப்பதே இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். திரையில் சீவல் பறப்பதைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். 20,000 முன்பணம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து பட்டறைக்கே வந்தார். முதல் டூல் ஃபேஸ்மில். ஒரு கட்டையின் மேற்பரப்பை அருமையாகச் சீவியது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து, என் கண் முன்னாலேயே வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார். மீதி 25,000 ரூபாயையும் அங்கேயே அனுப்பினேன், அவருடைய சொந்தக் கணக்குக்கு. ஆக 45,000. பில் "நாளைக்கு" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை இரவு ஆப்பரேட்டர் தம்பியிடமிருந்து அழைப்பு. "அண்ணா, யு-டிரில் கட்டைக்குள் இறங்கிவிட்டது" என்றான். குரல் நடுங்கியது. போய்ப் பார்த்தால் துளை போடும் 25 மில்லிமீட்டர் யு-டிரில் வளைந்து கிடக்கிறது, கட்டையைப் பிடிக்கும் வைஸ் நகர்ந்திருக்கிறது, ஈஎன்8 எஃகுக் கட்டையில் பள்ளம். ஸ்பிண்டில் நேராகச் சுழல்கிறதா என்று பார்க்க, அதில் டெஸ்ட் பாரைப் போட்டு டயல் வைத்தோம். முள் 60 மைக்ரான் ஆடுகிறது.

புரோகிராமைத் திறந்தேன். நான்காவது டூலை மாட்டச் சொல்லும் டி4 எம்6 சரியாக இருந்தது. அடுத்த வரியில் ஜி43 எச்1 இசட்50. எந்த டூலின் நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்வது எச் எண்; இசட்50 என்றால் கட்டைக்கு 50 மில்லிமீட்டர் மேலே நில் என்று பொருள். நான்காவது டூலுக்கு எச்4 அல்லவா வர வேண்டும்? எல்லா டூலுக்கும் எச்1 என்றே இருந்தது. ஃபேஸ்மில்லின் நீளம் 95, யு-டிரில்லின் நீளம் 158. நீண்ட டூலைக் குட்டை டூல் என்று நினைத்து இயந்திரம் 63 மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கியிருக்கிறது. கட்டைக்கு 50 மேலே நிற்க வேண்டிய முனை 13 கீழே போயிருக்கிறது, அதுவும் ரேப்பிடில், அதாவது வெட்டாமல் நகரும் முழு வேகத்தில். சோதனைக்கு அவர் முதல் டூலை மட்டும் ஓட்டியதால் எச்1 சரியாகவே வேலை செய்தது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: சிங்கிள் பிளாக்கில், அதாவது ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டவில்லை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன்; "இனி பார்க்கவே வேண்டாம்" என்று அவனிடம் சொன்னவன் நான்தான்.

போஸ்ட் கோப்பையும் திறந்தேன். எங்கள் மென்பொருளில் அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய வெறும் டெக்ஸ்ட்தான். மேலேயே குறிப்பு இருக்கிறது: மரம் செதுக்கும் ரவுட்டர், டூல் மாற்றி இல்லை. யாருக்கோ எழுதியதை எடுத்து, எம்6 வரியைச் சொருகி, எச்1-ஐ அப்படியே விட்டுவிட்டு, என்னிடம் 45,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். "உங்கள் இயந்திரத்துக்கென்றே" எழுதியதாம்!

வெள்ளிக்கிழமை பேசினேன். "ஆப்பரேட்டர் தவறாக இருக்கும் சார்." சனிக்கிழமை, "உங்கள் பாராமீட்டரில் தசமப் புள்ளிப் பிரச்சினை." பாராமீட்டர் அப்படி இருந்தால், புள்ளி இல்லாத எக்ஸ்50-ஐ ஃபனுக் 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும், அது எனக்கும் தெரியும். ஆனால் புரோகிராமில் எல்லா எண்ணுக்கும் புள்ளி இருந்ததே! திங்கட்கிழமை, "எழுதியவர் சென்னையில் இருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன்." நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான். இன்று காலை வந்த செய்தி: அடுத்த பயிற்சி வகுப்பில் எனக்கு 10 சதவீதம் தள்ளுபடியாம். 45,000 ரூபாயைக் கேட்டால் தள்ளுபடி!

விரிவாகச் சொல்வதாக மேலே எழுதினேன். கை ஓடவில்லை. வெவ்வேறு நீளமுள்ள இரண்டு மூன்று டூல்களையாவது ஓட்டிக் காட்டாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதல் ஓட்டத்துக்கு ஒர்க் ஆஃப்செட்டை (கட்டை எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் எண்ணை) 100 மில்லிமீட்டர் மேலே தூக்கி வையுங்கள். ஜிஎஸ்டி பில்லைக் கையில் வாங்குங்கள். என்னிடம் இல்லாததால் புகார் எழுதவே தடுமாறுகிறேன்.

ஸ்பிண்டில் பேரிங் மாற்ற சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். அதற்கு எவ்வளவு கேட்பார் என்று தெரியாது, 45,000-க்கு மேலேதான் இருக்கும். கடலூர் சிப்காட்டில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் 40 துண்டுகள் தர வேண்டும். தட்டாஞ்சாவடியில் நண்பர் ஒருவரிடம் இரவில் மட்டும் இயந்திரம் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அவருடையது வேறு கன்ட்ரோலர். அதற்கும் போஸ்ட் வேண்டும். இந்த முறை நானே உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.