கண்ணாடி அறைக்கு எத்தனை நட்சத்திரம்?

கைக்குழந்தை இருந்தால் நான்கு நட்சத்திரம், ஓடுகிற வயதுப் பிள்ளை இருந்தால் ஒன்றரை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பின்பக்கம் சிறு பிள்ளைகளோடு பூசைக்கு வருபவர்களுக்காகக் கட்டியிருக்கும் கண்ணாடி அறைக்கு நான் போடும் மதிப்பெண் இதுதான். வீட்டில் எட்டு மாதப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் இருப்பதால் இரண்டு பக்கத்தையும் பார்த்தாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி வைத்த நாற்காலிகள், துணி மாற்ற இடுப்பு உயரத்தில் ஒரு மேசை, மூடி போட்ட குப்பைத்தொட்டி. யோசித்துச் செய்தவர் பிள்ளை வளர்த்தவர் என்று தெரிகிறது. மூலையில் திரை இழுத்துவிட்டுப் பால் கொடுக்கவும் இடம் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு கொடுத்தபோது, பிள்ளை பசித்து அழுதால் யோசிக்காமல் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். அவர் சொல்லிவிட்டார், பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு அது போய்ச் சேர வேண்டுமே! அதுவரை திரை இருக்கட்டும்.

இனி குறை. மேலே ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்ட உள்ளே பொத்தான் கிடையாது, எல்லாம் மைக் பார்க்கும் அண்ணன் கையில். வாசகம் ஓரளவு காதில் விழும். மறையுரையில் ஃபாதர் குரலைத் தாழ்த்தினாரோ, போச்சு. போதாக்குறைக்கு, அறையில் பிளாஸ்டிக் பியானோ ஒன்று கிடக்கிறது. எந்தப் புண்ணியவான் கொடுத்தாரோ, அதன் பேட்டரி எப்போது தீரும் என்று காத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை கண்ணாடியின் உயரம். என் இடுப்பு வரை சுவர், அதற்கு மேல்தான் கண்ணாடி. மகள் நுனிக்காலில் நின்றாலும் நெற்றிதான் எட்டுகிறது. தூக்கிக் காட்டினால் கடைசி வரிசையில் நிற்பவர்களின் முதுகு. பீடமே தெரியாத பிள்ளை என்ன செய்யும்? விளையாடத்தான் செய்யும். ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணி அந்த ஸ்பீக்கர் வழியாகத் தேய்ந்து போய் 'கிணிங்' என்று வந்தபோது, "அம்மா, யாருக்கோ போன் வருது" என்றாள்.

இப்போது அவளை முதல் பெஞ்சுக்குக் கூட்டிப் போகிறோம். தம்பி பசித்து அழுதால் எங்களில் ஒருவர் அவனோடு பின்னால் போய்விடுவோம். மணி யார் கையில் இருக்கிறது, தூபத்தில் புகை எப்படி வருகிறது, ஃபாதர் ஏன் கை கழுவுகிறார் என்று காதோடு காதாகக் கேட்கிறாள், காதோடு காதாகவே பதில் சொல்கிறேன். மறையுரை நேரத்தில் நெளிவாள். அப்போது வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குத் திரும்பிவிடுவோம். திரும்பிப் பார்த்து முறைப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கட்டும்.

அறையை இடிக்கச் சொல்லவில்லை. சிறுவர் திருப்பலி (பூசை) பற்றி 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறையிலேயே ஒரு வழி இருக்கிறது: வாசகத்தையும் மறையுரையையும் பிள்ளைகளுக்கு அருகில் ஒரு தனி இடத்தில் நடத்தலாம், பூசையின் அடுத்த பகுதியான நற்கருணை வழிபாடு தொடங்கும் முன் அவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துவிடலாம். மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் இந்த அறையே போதும். கையோடு அந்தச் சுவரையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டால் இன்னும் ஒரு நட்சத்திரம் கூட்டுவேன்.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்று. திருச்சபைச் சட்டப்படி ஏழு வயது நிரம்பும்வரை ஞாயிறு பூசைக்குப் போயாக வேண்டும் என்ற கடமை பிள்ளைகளுக்கு இல்லை, நமக்குத்தான். கைக்குழந்தையைக் கவனிக்க வேண்டியிருந்தால் நமக்குமே விலக்கு உண்டு என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2181-இல் பார்க்கலாம். காய்ச்சல், தூக்கமில்லாத இரவு என்றால் கணவர் காலைப் பூசைக்கு, நான் மாலைப் பூசைக்கு, சண்டையில்லை.

முதல் பெஞ்சு வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே வந்து ஓரத்து இடத்தைப் பிடியுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், "அம்மா, ஒண்ணுக்கு" என்ற குரல் கேட்டதும் வரிசையில் இருக்கும் அத்தனை பேர் முழங்காலையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.