மணற்காடா, மன்னாரா: அம்மாவையும் சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு போக எது நல்லது?

வெளிநாட்டிலிருந்து அக்காவும் தங்கைமாரும் ஆடி, ஆவணி விடுமுறையில் ஒன்றாக வந்து நிற்கும்போது, வான் பிடித்து அம்மாவோடு எங்காவது போகலாம் என்ற பேச்சு யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும். மணலும் வெட்டவெளியும் வேண்டுமென்றால் நம் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு இடங்கள் உண்டு: வடமராட்சி கிழக்கில் மணற்காடு, ஏ32 வீதியின் முடிவில் மன்னார்த் தீவு. இரண்டும் பாலைவனமல்ல, ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிற நிலம்தான். ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் புல் கருகி, மணல் பறந்து, வெயில் கண்ணைக் கூசவைக்கும்போது பாலைக்கு அதிகம் குறைவில்லை. நெடுந்தீவும் அப்படித்தான் காயும். குறிகட்டுவானில் வானை விட்டுவிட்டுப் படகேற வேண்டியிருப்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

மணலுக்காக மட்டும் போவதென்றால் மணற்காட்டுக்கு ஈடில்லை. நெல்லியடி, பருத்தித்துறை வழியாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டர். காற்று குவித்த மேடுகள், மணல் நகராமலிருக்க வளர்த்த சவுக்கு மரங்கள், மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் எஞ்சிய சுவர்கள் என எல்லாம் அருகருகே இருக்கின்றன. பிள்ளைகள் மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள். அவர்களை இறக்கிக் கூட்டி வருவதுதான் பெரிய வேலை. மணல் அகழ்வு இந்தப் பகுதியைத் தொடர்ந்து தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

குறை ஒன்றுதான், ஆனால் அது அம்மாவைத் தொடுகிற குறை. முழங்கால் வலியுள்ளவருக்கு இளகிய மணலில் ஐம்பது அடி நடப்பதும் பாடு. மற்றவர்கள் மேட்டிலே நிற்க, அவர் வானுக்குள் தனியே இருக்க நேரும். இதற்கு மாற்று, வழியிலுள்ள வல்லிபுர ஆழ்வார் கோயில். அங்கே அவரை ஒரு மகளோடு இருத்திவிட்டு மற்றவர்கள் போய்வரலாம். அந்த மணற்பரப்பு அவருக்குப் புதிதல்ல. புரட்டாசித் திருவிழாவில் சுவாமியோடு கடல் தீர்த்தத்துக்கு நடந்த தலைமுறை அது. என்றாலும் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தவர்கள் கூடும் நாளில் அதை நான் விரும்பமாட்டேன்.

மன்னாரில் மணல் மேடுகள் இவ்வளவு இல்லை. அங்கே பயணமே விருந்து. நாவற்குழியில் திரும்பினால் தனங்கிளப்பு நீரேரி. பருவத்தில் போனால் பூநாரைகள் நிற்கும். பிறகு 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். அதற்கு முன் கேரதீவிலிருந்து ‘பாதை’ என்ற மிதவைப் படகில்தான் அக்கரைக்குப் போனார்கள். பாலத்தைத் தாண்டும்போது அம்மாவிடம் அந்தப் பாதையைப் பற்றிக் கேளுங்கள். யார் யாரோடு போனார், எதைச் சுமந்து போனார், எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தார் என்று அவர் சொல்லத் தொடங்கினால் பூநகரி கடந்து வெள்ளாங்குளம் வரும்வரை வேறு பேச்சு வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் 100 கிலோமீட்டருக்கு மேல். வீதி நேராகவும் வெறுமையாகவும் கிடப்பதால் சகோதரிகளும் வேறெங்கும் பேசாததைப் பேசிவிடுவார்கள்.

அம்மா நடக்கத் தேவையில்லாத இடங்களும் இந்த வழியில்தான் அதிகம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் வாசல்வரை வாகனம் போகும். மதியம் நடை சாத்துமுன் போய்ச்சேர வேண்டும் என்பதால் விடிய ஐந்து மணிக்கே புறப்படுங்கள். மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையில் பெருக்கமரம் (பாவோபாப்) வீதியோரத்திலேயே நிற்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். வீதியில் திரியும் கழுதைகளைப் பிள்ளைகள் வானுக்குள் இருந்தே பார்க்கலாம். தலைமன்னார்த் துறையில் நின்றால் எதிரே தனுஷ்கோடித் திசை. 1914 இல் தனுஷ்கோடியோடு தொடங்கிய ரயில், கப்பல் தொடர்பு 1964 புயலோடு அறுந்த கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடமில்லை.

மன்னார்ப் பயணத்தின் உண்மையான சிரமம் பெண்களுக்குத்தான். பூநகரிக்குப் பிறகு கடைகளும் ஒழுங்கான கழிப்பறைகளும் அரிது. புறப்படுமுன் இதைத் திட்டமிடாவிட்டால், அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அந்த வெயிலில் அது ஆபத்து. கட்டுச்சோறு, போதிய தண்ணீர், தேத்தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும் என்பதால் பொழுதுபடுமுன் பூநகரியைத் தாண்டிவிடுவது நல்லது.

ஒரு நாள்தான் கிடைக்கும், எல்லோரும் ஒரே வானில் என்றால் என் தெரிவு மன்னார். அரை நாளே உண்டு, கைக்குழந்தைகளும் கூட என்றால் மணற்காடு. வெயில் தணிந்து நான்கு மணிக்குப் பிறகு போய், திரும்பும் வழியில் பருத்தித்துறையில் தட்டை வடையும் வாங்கிவரலாம். இரண்டுக்கும் நேரமிருந்தால் மன்னாரை முதலில் வையுங்கள். களைப்பு ஆற ஒரு நாள் விட்டு மணற்காட்டுக்குப் போகலாம். அன்று அம்மா வீட்டில் இருக்க விரும்பினாலும் யாருக்கும் மனக்குறை வராது.