ஐம்பது புளியங்கொட்டை வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம்

இருபத்து நான்கு வருஷம் காலாட்படையில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது பட்டாளத்தில் சேர விரும்பும் பையன்களுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஓட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ‘த டிஃபென்ஸ் ஆஃப் டஃபர்ஸ் டிரிஃப்ட்’ வாசிக்கிறோம். இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

1904-ல் வந்த புத்தகம். எழுதியவர் எர்னஸ்ட் ஸ்விண்டன், தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் (அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டிஷார் நடத்திய போர்) இருந்த பிரிட்டிஷ் பொறியாளர் படை அதிகாரி. முதல் உலகப் போரில் டாங்கி உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. கதை சின்னது. புதிதாக வந்த ஒரு லெஃப்டினன்ட்டிடம் 50 ஆட்களைக் கொடுத்து, வண்டிகள் ஆற்றைக் கடக்கும் ஒரு துறையைக் காக்கச் சொல்லிவிட்டுப் பெரிய படை போய்விடுகிறது. அவர் ஆறு கனவு காண்கிறார். ஆறிலும் அதே துறை, அதே குன்று, அதே 50 பேர். ஒரு கனவில் நடந்தது அடுத்த கனவில் ஞாபகம் இருக்காது. அதில் கற்ற பாடம் மட்டும் கூடவே வரும்.

முதல் கனவில் அவர் செய்யும் தப்பு எனக்கு அந்நியமானது இல்லை. ஆட்கள் களைத்திருக்கிறார்கள், எதிரி எங்கோ தொலைவில், தோண்டுகிற வேலை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடாரம் அடித்துவிடுகிறார். முட்டையும் வெண்ணெயும் கொண்டுவரும் பக்கத்துப் பண்ணைக்காரரை முகாமைச் சுற்றிப் பார்க்கவும் விடுகிறார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் செக்ஷன் கமாண்டராக இருந்தபோது, ராஜஸ்தானில் ஒரு எக்சர்சைஸில், அதாவது போர் ஒத்திகையில், இதையே செய்தேன். பையன்கள் பகல் முழுக்க நடந்து வந்திருந்தார்கள், மோர்ச்சாவை, அதாவது பதுங்குகுழியை, விடிந்ததும் தோண்டலாம் என்றேன். எதிர்த்தரப்பு இரவு மூன்று மணிக்கே வந்துவிட்டது. பத்துப் பேரையும் செத்தவர்களாகக் கணக்கெழுதி, மணலில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். அந்த வரிசை இன்றும் கண்ணில் நிற்கிறது.

இதைச் சும்மா வாசித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒன்றும் ஒட்டாது. அதனால் ஒவ்வொரு கனவுக்கும் முன்னால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். தரையில் மண்ணைக் குவித்துக் குன்று, கோலமாவில் ஆறு, ஐம்பது புளியங்கொட்டை ஆட்கள். பட்டாளத்தில் சாண்ட் மாடல் போட்டுத்தான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளை எங்கே நிறுத்துவாய், சென்ட்ரி (காவல் நிற்கும் ஆள்) எங்கே, நீ எங்கே நிற்பாய் என்று பையன்களைக் கேட்பேன். அவர்கள் வைத்து முடித்த பிறகுதான் வாசிப்பு.

இரண்டாம் கனவுக்கு ஒரு பையன் துறையை ஒட்டி நீளமாக ஒரே மோர்ச்சா போட்டான். ஐம்பது கொட்டையும் ஒரே திசையைப் பார்த்தபடி. கதையில் லெஃப்டினன்ட்டுக்கு அடி பின்பக்கத்திலிருந்து விழுந்ததை வாசித்தபோது அவன் முகம் மாறிவிட்டது. தனியாக நிற்கும் சின்னப் படைக்குப் பின்புறமும் பக்கவாட்டும் கிடையாது, சுற்றிலும் முன்புறம்தான் என்று புத்தகம் சொல்கிறது. அந்த வரியை இனி அவன் மறக்க மாட்டான்.

இதே வகையில் புதிதாக ஒன்றும் வாங்கினேன். ஜான் ஆண்டல் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய ‘இன்ஃபன்ட்ரி காம்பாட்’, 1995-ல் வந்தது. அதில் நீங்களே பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவின் தலைவர். இப்படிச் செய்தால் இந்தப் பகுதிக்குப் போ, அப்படிச் செய்தால் அந்தப் பகுதிக்குப் போ என்று இருக்கும். விறுவிறுப்பான புத்தகம், ஆயுதங்களும் ஓரளவு நம் காலத்தவை. ஆனாலும் என் ஓட்டு பழையதற்குத்தான். வழிகளை வரிசையாக எழுதிக் காட்டும்போதே, இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. களத்தில் அதை யாரும் சொல்வதில்லை. கூடாரம் அடித்த லெஃப்டினன்ட்டுக்குத் தான் ஒரு முடிவு எடுத்ததே தெரியாது. ராஜஸ்தானில் எனக்கும் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் பையன்களிடம் தனியாகப் பேசியாக வேண்டும். உள்ளூர் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துத் தோண்டவைப்பதும், பண்ணையில் இருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் அடைத்துவைப்பதும் இதில் ‘பாடம்’ என்றே வருகின்றன. அதே போரில் பிரிட்டிஷார் பண்ணைகளை எரித்து, குடும்பங்களை முகாம்களில் அடைத்து, பல்லாயிரம் பேர் நோயில் செத்தார்கள். அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிடுவதில்லை. வாசித்து நிறுத்தி, இது தப்பு, ஏன் தப்பு என்று பேசிய பிறகுதான் மேலே போகிறேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் வரைபடங்கள் போனில் சரியாகத் தெரியாது. அவற்றை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், மேடு பள்ளம் தெரியாமல் இந்தக் கதையில் ஒன்றுமே இல்லை. அப்புறம், பாடங்களின் எண் வரிசையை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள்.

ஆறாவது கனவை இங்கே சொல்ல மாட்டேன். எங்கள் பையன்களுக்கே அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். கொட்டைகளை வைத்துவிட்டார்கள், இந்த முறை ஆற்றங்கரையில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.