வம்சாவளித் தளம், மூன்று வருடப் பாவனை: அந்தக் "குடும்பப் பெயர்" பெட்டி

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். நான் மூன்று வருடமாகப் பாவிக்கும் வம்சாவளித் தளம் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. கீழே ஒரு வரி: "அக்கா, எடுக்கட்டோ?" அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. வேறு இரண்டு மூன்று பேரும் இதையே கேட்டிருக்கிறார்கள், அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். குடும்ப மரம் கீறுவது, படம் ஏற்றுவது, உறவினருக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் தேடியது என் பூட்டனை, அதாவது அப்பப்பாவின் தகப்பனை. முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம் கமம் செய்தவர். அவருக்குச் சகோதரங்கள் எத்தனை பேர், யார் யார் எந்த ஊருக்குக் கலியாணம் கட்டிப் போனார்கள் என்று அறிய ஆசை. வயல் உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு றங்குப்பெட்டியில் இருந்தன. 2009இல் போருக்குள் ஓடும்போது அந்தப் பெட்டியை மாத்தளன் வரை காவிக்கொண்டு போனோம். அதற்கப்பால் காவ முடியவில்லை.

2022 மாசியில் சந்தா எடுத்தேன். அப்போது டொலர் 200 ரூபா. அடுத்த மாசியில் புதுப்பிக்கும்போது 360 தாண்டியிருந்தது. அப்படியும் கட்டினேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் என் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மரத்தில் ஒருவரைச் சேர்க்கப் போனால் தளம் குடும்பப் பெயரைக் கேட்கும். எங்களுக்கு அது எங்கே இருக்கிறது? வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலுப்பிள்ளை கந்தையா. அவருடைய மகன் கந்தையா வேலுப்பிள்ளை. தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். தளமோ ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு முக்கோணம் போடுகிறது: "தகப்பனின் குடும்பப் பெயரோடு பொருந்தவில்லை, சரிபார்க்கவும்." என் மரத்தில் 160 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லார் பக்கத்திலும் அந்த முக்கோணம் நிற்கிறது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பெட்டியை வெறுமையாக விடலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. வெறுமையாக விட்டால் தேடல் வேலை செய்யாது. உலகத்தில் இருக்கிற கந்தையா எல்லாரும் வந்து நிற்பார்கள்.

இது எரிச்சல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குப் பாட்டனின் பெயர்தான் வைப்பார்கள். ஆக, வேலுப்பிள்ளை கந்தையாவின் பேரனும் வேலுப்பிள்ளை கந்தையா. அதே ஊர், அதே வளவு. தளம் இருவரையும் பக்கத்தில் வைத்து, "ஒரே ஆளா? இணைக்கவா?" என்று கேட்கிறது. பிரான்சில் இருக்கும் பெரியப்பாவின் மகளுக்கு நான் திருத்தும் அனுமதி கொடுத்திருந்தேன். அவள் நல்லெண்ணத்தில் ஆம் என்று அழுத்திவிட்டாள். அடுத்த நாள் பார்த்தால் பூட்டன் தனக்குத் தானே பேரனாகி, இரண்டு மனைவியும் ஒன்பது பிள்ளைகளுமாக நிற்கிறார். அதைப் பிரித்தெடுக்க எனக்குப் பதினொரு இரவு எடுத்தது. அவளில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் பிழை.

குடிசன மதிப்புப் பதிவுகள் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். தளம் பெரிதாக விளம்பரம் செய்வது அதைத்தான், ஆனால் அது வேறு நாடுகளுக்காகச் செய்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1850 முதல் அடிமைகள் அல்லாத எல்லாரையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். 72 வருடம் கழித்து அந்தத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வந்தன. அங்கே ஒரு கமக்காரனின் பேரப்பிள்ளை ஒரு பின்னேரத்தில் மூன்று தலைமுறையைப் பிடித்துவிடலாம். இலங்கையில் எங்களையும் 1871 முதல் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் என் கைக்குக் கிடைத்தவை அறிக்கைகள்தான். ஊரில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று இருக்கும், ஆளின் பெயர் இராது. 1981க்குப் பிறகு அதுவும் இல்லை. 1991இல் எடுக்கவேயில்லை. 2001இல் முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் மூன்றிலும் எடுக்க முடியவில்லை. 2012இல்தான் மறுபடி எங்களை எண்ணினார்கள். இதற்குத் தளத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கமக்காரக் குடும்பம் என்றால் காணிக் கடதாசியைப் பாருங்கள், அதில் ஆட்கள் இருப்பார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கொடுத்த பெர்மிட்டில் பின்னுரித்தாளர், அதாவது அடுத்து அந்தக் காணிக்கு உரித்தாகிறவரின் பெயரையும் உறவுமுறையையும் பதியலாம். முத்தையன்கட்டில் அப்பப்பாவுக்குக் கிடைத்த காணியின் பெர்மிட் பிரதி ஒன்று பெரியப்பா வீட்டில் தப்பிக் கிடந்தது. அந்த ஒரு தாளில் எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள்.

இனி, நான் 360 ரூபா டொலரிலும் புதுப்பித்த காரணம்.

எங்களுக்குக் கல்லறை இல்லை. எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவோம். ஆனால் பூட்டனின் தங்கை ஒருவர் கரையோரத்தில் வேதக்காரக் குடும்பத்தில் கலியாணம் கட்டினவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே சேமக்காலைக்கு, அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சுனாமியும் போரும் கண்ட இடம், பாதிக் கற்கள் மணலுக்குள். பகலில் பார்த்தால் வெறும் கல். பொழுது பட்ட பிறகு டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தால் எழுத்துகளில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழும்பி வருகிறது. சோக்கட்டி பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் உரஞ்சாதீர்கள், கல் உதிர்ந்துவிடும். நாலாவது கல்லில் அவர் பெயர் இருந்தது. கீழே "இன்னாரின் மகள்" என்று என் பூட்டனின் தகப்பன் பெயர். மணலில் அப்படியே இருந்துவிட்டேன்.

அந்தப் படத்தை இடக்குறியோடு தளத்தில் ஏற்றினேன். ஏழு மாதம் கழித்து அவுஸ்திரேலியாவில் இருந்து ஒருவர் எழுதினார். அந்த அம்மா அவருக்குப் பூட்டி. தன் அம்மம்மா, தாய்மாமன் செத்தபோது கொடுத்த கல்வெட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தவர் என்று சொல்லி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கிற அந்தச் சின்னப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தளத்தில் அதற்கென்று ஒரு வகை இல்லை. நான் அதைக் கல்லறைப் படங்களோடுதான் சேர்த்திருக்கிறேன்.

அது பூட்டனின் தம்பியுடைய கல்வெட்டு. ஐந்து சகோதரங்கள், கலியாணம் கட்டிப் போன ஊர்கள், குமுழமுனை, ஒட்டுசுட்டான் என்று எல்லாம் இருந்தது. செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் விளம்பி ஆண்டு, மாசி மாதம், அபரபக்கம், அதாவது தேய்பிறை. இங்கே கவனம் வேண்டும். விளம்பி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1898, 1958, 2018. பிள்ளைகளின் வயதை வைத்துப் பார்த்து நான் 1958 என்று போட்டேன். அது பிழை. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அந்த விளம்பியின் மாசி 1959இல் வருகிறது. தை, மாசி, பங்குனி என்று கண்டால் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள், தளம் இதைச் செய்து தராது. இப்படியான நினைவு மலர்கள் "நூலகம்" என்ற இணையத்தளத்திலும் இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு அங்கேயும் தேடுங்கள்.

ஆக, இந்தத் தளம் இல்லாவிட்டால் அந்த அவுஸ்திரேலியக்காரர் என்னைக் கண்டிருக்கமாட்டார். பூட்டனின் நாலு சகோதரங்களும் எனக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நாலு போடுவேன்.

ஆனாலும் தம்பி, நீ எடுக்காதே.

நேற்று இரவு மரத்தில் பூட்டியின் பெட்டியைத் திறந்தேன். பூட்டனின் மனைவி, எங்கள் அப்பப்பாவைப் பெற்றவர். பெர்மிட்டில் அவர் இல்லை. கல்லிலும் கல்வெட்டிலும் இல்லை. எல்லாம் தகப்பன் பெயர், தமையன் பெயர். மூன்று வருடமாக அந்தப் பெட்டி "பெயர் தெரியாது" என்றே கிடக்கிறது. அதன் பக்கத்திலும் சிவப்பு முக்கோணம். அந்த மனுசியின் பெயரே தெரியாமல் நான் இருக்க, அவருடைய குடும்பப் பெயரைத் தரச் சொல்லிக் கேட்கிறது. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

வவுனியாவில் இருக்கும் மாமிக்கு 91 வயது. அவவின் அப்பாச்சிதான் அந்தப் பூட்டி. போன மாதம் நான் போனபோது, அப்பாச்சி பனங்காமத்துப் பக்கம் இருந்து இரண்டு பசுமாட்டோடு வந்தவ என்று திடீரென்று சொன்னா. பெயர் வரவில்லை. வீட்டில் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டதாம். அந்தக் காசை டிக்கெட்டுக்குச் சேர்த்து வை, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வந்து மாமிக்குப் பக்கத்தில் இரு. அதுவரை கிழமைக்கு ஒருமுறை அவவுக்குப் போன் எடுத்துக் கதை. இங்கத்தைய நேரம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் நித்திரை. வலது காதுதான் கேட்கும், உரத்துக் கதை.